பள்ளிக்கூடத்துக்குப் போன சீர்

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள், என் பெண்ணோ பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்காக நான் பெரிதாக வருத்தப்பட்டது கிடையாது. வாய் இல்லாதவளுக்கு எங்கள் ஊரில் கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீர்கூட நேரத்துக்குக் கிடைக்காது. ஆனால் அதே வாயால் ஒரு நாள், ஒரு பேச்சுப் பேசி, ஒரு பெண்குழந்தையின் படிப்பைக் கெடுத்தேன். இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வந்த போதெல்லாம் பாதியில் எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லி முடித்துவிடுவேன். எழுதினால் மாற்ற முடியாது என்று நினைத்து எழுதுகிறேன்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. வாத்தியார் சொந்தமாக நடத்திய பள்ளிக்கூடம் அது. சர்க்கார் கிராண்டுப் பணம் வந்தால் அவர் வீட்டில் உலை கொதிக்கும், வராவிட்டால் இல்லை. சாதுவான மனிதர். பிள்ளைகளைக்கூட "ஏனுங்க தம்பி, கணக்குப் போட்டீங்களா?" என்றுதான் கேட்பார். அவரிடம் அடி வாங்கிய பிள்ளை என்று ஊரில் ஒன்றைக் காட்ட முடியாது.

அந்த வருஷம் தை மாசம் இன்ஸ்பெக்டர் வந்தார். சுற்றிப் பார்த்தார். கரும்பலகை நடுவில் பிளந்து கிடந்தது. உட்காரப் பாய் இல்லை, குடிக்கப் பானை இல்லை, மணி பார்க்கக் கடிகாரம் இல்லை. வெயில் எந்தத் தூணில் விழுகிறது என்று பார்த்துத்தான் வாத்தியார் பிள்ளைகளை வீட்டுக்கு விடுவார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் கிராண்டை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிராண்டு நின்றால் பள்ளிக்கூடம் நின்றது. பையன்களையாவது நாமகிரிப்பேட்டைக்கு நடக்க விடுவார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? என் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு நாலாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள்; அந்த ஆத்திரம் அடங்காமல் இருந்தவள் நான். இவளையாவது அஞ்சு முடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

பிள்ளைகளின் அப்பாமார்கள் கூடினார்கள். வேப்பமரத்தடியில் மூன்று தடவை கூடினார்கள். மூன்று தடவையும் வெற்றிலை தீர்ந்ததுதான் மிச்சம். நாலாவது தடவை கூடிவிட்டு என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது, "என்னங்க முடிவாச்சு?" என்று கேட்டேன்.

"ஊடு ஊடாப் போயிக் கேக்கலாம்ங்கறாங்க. ஆனா ஆரு போறதுன்னு முடிவாகல" என்றார்.

"கேட்டாக் குடுக்க மாட்டாங்க. குடுக்கறது நாலு பேருக்குத் தெரியோணும். அப்பத்தான் நம்ம சனம் குடுக்கும்" என்றேன். சொல்லிக்கொண்டே சோறு போட்டவள் அகப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். யோசனை அப்போதுதான் வந்தது. "பொண்ணைக் கட்டிக் குடுத்தாச் சீர் கொண்டுபோறமில்ல? அதே மாதிரி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனா என்னங்க?"

எங்கள் பக்கத்துச் சீரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு தட்டில் சாமான் வைத்து, மேலே துணி போட்டு மூடி, மேளத்தோடு வரிசையாகப் போவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தட்டுகளை வரிசையாக இறக்கி, துணியை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னார் வீட்டுச் சீர், இன்னது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டு போவது மரியாதை. திறந்து சொல்வது பெருமை. அந்தப் பெருமைக்காகக் கடன் வாங்கிச் சீர் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். அப்பாமார்களுக்கு ஒரே சந்தோஷம். யோசனை பிடித்ததைவிட, வேலை பொம்பளைகள் தலைக்குப் போய்விட்டது என்ற சந்தோஷம் அது. நானும் இன்னும் நாலைந்து தாய்மார்களும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினோம்.

எல்லோரும் தேங்காயும் வெல்லமுமாகக் கொண்டுவந்தால் பள்ளிக்கூடத்தில் கடையா வைப்பது? அதனால் எந்த வீட்டுக்கு எந்தச் சாமான் என்று நானே பிரித்தேன். பெரிய தோட்டத்துக்காரர் வீட்டுக்குச் சுவர்க் கடிகாரம். வண்டி வைத்துப் பிழைக்கிறவர்கள் இரண்டு குடும்பம் சேர்ந்து புதுக் கரும்பலகை. மற்றவர்களுக்குக் கோரைப்பாய், தண்ணீர்ப் பானை, செம்பு, சாக்பீஸ் பெட்டி. ஒருவர் பாய் கொடுக்க மூக்கால் அழுதார். "உங்க பையன் நாலு வருசமா ஒண்ணாங்கிளாசுலயே உக்காந்திருக்கானுங்களே, உக்காந்த எடத்துக்கு வாடகையாவது குடுங்க" என்றேன். அவர் சம்சாரம் உள்ளே சிரித்தது வாசல்வரை கேட்டது. இரண்டு பாய் வந்தது. இப்படி ஊரெல்லாம் சுற்றினேன். சுற்றச் சுற்ற எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதை அப்போது தலைக்கனம் என்று யாராவது சொல்லியிருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன்.

தலைக்கனத்தில்தான் அந்தச் சட்டம் போட்டேன். பிள்ளையைப் படிக்க அனுப்புகிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வந்தாக வேண்டும். வெறுங்கையோடு யாரும் வரக்கூடாது.

வாத்தியார் காதுக்கு இது போனதும் வீடு தேடி வந்தார். வாசலில் நின்றபடியே, "ஏனுங்கம்மா, கூலிக்குப் போறவங்க நாலஞ்சு ஊடு இருக்குதுங்க. அவுங்களை விட்டுரலாமுங்களா?" என்றார்.

"விட்டுட்டா நாளைக்கு அவுங்களுக்குத்தானுங்க கேவலம். எங்களைச் சேத்துக்கலன்னு பேசுவாங்க. நீங்க சும்மாருங்க" என்றேன். அவர் சும்மா இருந்துவிட்டார். அவரைச் சும்மா இருக்க வைப்பது சுலபம்.

அந்த நாலைந்து வீட்டில் ஒரு வீட்டைப் பற்றித்தான் இந்தக் கதை. அந்த வீட்டுக்காரியும் எங்கள் சனம்தான். நிலம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புருஷன் மலைமேல் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், முதலில் காகிதம் போட்டான், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டான். அவள் எங்கள் காட்டிலும் பக்கத்துக் காடுகளிலும் கூலி வேலை செய்து ஒரே ஒரு பெண்ணை வளர்த்தாள். அந்தப் பெண் என் பெண்ணோடு மூன்றாம் வகுப்பு. வகுப்பில் அவள்தான் முதல். என் பெண் இரண்டாவது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்கிறது என்றால் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை அத்தனை கெட்டிக்காரி. தபால்காரன் வந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் போவார்கள். ஒன்பது வயசுக் குழந்தை நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொல்லும். கையெழுத்து மணி மணியாக இருக்கும். அதனால் சீர் அன்றைக்குப் புதுக் கரும்பலகையில் முதல் எழுத்தை அவள்தான் எழுத வேண்டும், ஊரின் பெயரை எழுத வேண்டும் என்று வாத்தியார் முடிவு செய்திருந்தார். தாய்க்காரிக்கு அதில் தாங்க முடியாத பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் பருத்தி எடுக்கும்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் கை நின்றுவிடும்.

எங்கள் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏனுங்கக்கா, நாங்களும் தட்டுக் கொண்டாரோணுங்களா?"

"எல்லாருந்தான். உம்புள்ளதானே பலகையில எழுதப் போறா? தட்டு இல்லாம வந்தீன்னா அவளை எந்த வரிசையில நிக்க வெக்கறது?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"சரிங்கக்கா" என்றாள்.

ஒரு தேங்காய் போதும், இரண்டு வாழைப்பழம் போதும், ஒரு பிடி கம்பு கொண்டுவா என்று நான் சொல்லியிருக்கலாம். எத்தனை நேரம் ஆகியிருக்கும் அதைச் சொல்ல? தோன்றவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கூலியாக அளக்கிற தானியம் அன்றன்றைக்கே கஞ்சியாகிவிடும் என்பது அளந்து போடுகிற எனக்கே தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

சீருக்கு இரண்டு நாள் இருக்கும்போது பின்வாசலில் வந்து நின்றாள். "தட்டு ஒண்ணு வேணுமுங்கக்கா. சீர் முடிஞ்ச கையோட கழுவிக் கொண்டாந்து தாரேன்." நான் சீர் விருந்துக்குப் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பெரிய பித்தளைத் தட்டாகவே எடுத்துக் கொடுத்தேன். நல்ல மனசோடுதான் கொடுத்தேன். என்ன வைக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

சீர் நாளும் வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை அந்தப் பள்ளிக்கூடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவர்கள்கூட வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மாரியம்மன் கோயிலிலிருந்து மேளத்தோடு கிளம்பினோம். முன்னால் ஆண்கள் கரும்பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் நாங்கள் கூரைச்சேலை கட்டிக்கொண்டு, தட்டுகளை ஏந்திக்கொண்டு, அவரவர் பிள்ளையைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போனோம். வாத்தியார் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்க, வாங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை.

வேப்பமரத்தடியில் பாய் விரித்துத் தட்டுகளை இறக்கினோம். வழக்கமாக இந்த அறிவிப்பை ஆண்கள்தான் செய்வார்கள். அன்றைக்கு, "ஓடியாடுனது நீ, நீயே சொல்லு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். அதற்கென்றே காத்திருந்தவள் போல நானும் முன்னால் போனேன். ஒவ்வொரு துணியாக எடுத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கேலி. கடிகாரத்தைத் திறந்ததும், "இனிமே வாத்தியாரு தூணைக் கட்டிப் புடிச்சு மணி பாக்க வேண்டியதில்லீங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. பானைக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று. சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் வந்தது. ஆண்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

வரிசையில் கடைசிக்கு நாலைந்து தட்டு இருக்கும்போது என் பித்தளைத் தட்டு வந்தது. மேலே வெள்ளைத் துணி, துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டிருந்தது. எடுத்தேன்.

உள்ளே ஒரு சிலேட்டு. நன்றாகக் கழுவி, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, நடுவில் ஒரு கொத்து அரளிப்பூ. வேறொன்றும் இல்லை. சிலேட்டின் மரச்சட்டத்தில் கம்பியைக் காய்ச்சிச் சுட்ட ஒரு 'ப' இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகள் தொலைந்து போகாமலிருக்க வாத்தியார் போட்டுவைக்கிற அடையாளம் அது. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த 'ப'வைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "அடியாத்தா! பள்ளிக்கூடத்துச் சாமானையே பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டாந்த மகராசியை இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதுவரை சிரித்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தது போல் இருந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சிரித்துப் பழகிவிட்டார்கள், அதனால் சிரித்தார்கள். மேளக்காரர்கூட ஒரு தட்டுத் தட்டினார். வாத்தியார் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இல்லீங்கம்மா, அது..." என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் குரல் எங்கே கேட்கப் போகிறது?

அவள் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "புள்ளையோடதுதானுங்க" என்றாள். மெதுவாகச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இவ்வளவு வருஷமும் இந்த இடத்தில்தான் நான் கதையை மாற்றிச் சொல்லிவந்தேன், மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று. விழுந்தது. நன்றாக விழுந்தது. விழாதவள் போல அடுத்த தட்டின் துணியை எடுத்தேன். நடுவில் நிறுத்தினால் அத்தனை பேர் முன்னால் நான் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். அதற்கு மனசு வரவில்லை.

சீர் முடிந்து பலகையை மாட்டினார்கள். வாத்தியார் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டார். வந்தது. பாவாடையைத் துவைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, அம்மாக்காரி எவ்வளவு அழகாக அனுப்பியிருந்தாள். சாக்பீஸை வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றது. கையைத் தூக்கியது. பின்னாலிருந்து ஒருவன், "பாத்துங்க வாத்தியாரே, சாக்பீஸு அடுத்த வருசம் சீராத் திரும்பி வரும்" என்றான். மறுபடியும் சிரிப்பு. என் கேலியைத்தான் அவன் வாங்கித் திருப்பிப் போட்டான்.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. "எழுதுங்க சாமி, எழுதுங்க" என்று வாத்தியார் கெஞ்சினார். ஒரு புள்ளி மட்டும் பலகையில் விழுந்தது. அதற்குமேல் கை நகரவில்லை. குழந்தை அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாத்தியார் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். யாரோ என் பெண்ணைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவள் எழுதினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

விருந்துக்கு அந்தத் தாய்க்காரி இருக்கவில்லை. நாங்கள் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பின்வாசலில் என் தட்டு இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது என்று இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பாக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "ஏம்மா, அந்தச் சிலேட்டு அவளோடதுதானே? எதுக்குப் பள்ளிக்கூடத்துதுன்னு சொன்னே?"

"அதுலதான் 'ப' போட்டிருக்குதே."

"இன்ஸ்பெக்டரு வந்தன்னைக்குக் கேட்ட கணக்குல மொதலா வந்ததுக்கு வாத்தியார் அவளுக்கே வெச்சுக்கச் சொல்லிக் குடுத்துட்டாரு. புதுசு வாங்க ஏலாதுன்னு அதைக் குடுத்தாரு. நாங்க எல்லாரும் கை தட்டுனம்."

சீப்பு அவள் தலையிலேயே நின்றது. எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள், குழந்தைமேல் வந்தது. "இதை நேத்தே சொல்றதுக்கென்னடி?" என்று கத்தினேன். "நீதான் ஆரையும் பேச உடலையே" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கத் தகுந்த சாமான் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. குழந்தைக்குப் பரிசாக வந்தது. அதைக் கொடுத்துவிட்டால் குழந்தை எதில் எழுதும் என்று அவளுக்குத் தெரியாதா? தட்டு இல்லாவிட்டால் குழந்தையை வரிசையில் நிறுத்த மாட்டார்கள் என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால் கழுவி, மஞ்சள் வைத்து, பூ வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். திருடிக் கொண்டுவந்தது என்று ஊர் சிரிக்கும்படி செய்தேன் நான்.

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முதலில் வாத்தியாரிடம் போய்ச் சண்டை போட்டேன், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று. "சொல்ல வந்தனுங்க" என்றார், அவ்வளவுதான். குழந்தை பள்ளிக்கூடம் வரவில்லை என்றும் அவர்தான் சொன்னார். இரண்டு நாள் போனால் தானாக வந்துவிடும் என்றேன். இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. தாய்க்காரியும் எங்கள் காட்டுக்கு வேலைக்கு வருவதை நிறுத்தி வேறு காட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எட்டாவது நாள்தான், அந்தச் சிலேட்டை வாத்தியாரிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஒரு பாவாடைத் துணியும் எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பிழைக்க வழி இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, சமாதானமாகியிருப்போம். அவளோ, "வாங்கக்கா, உக்காருங்க" என்று முறத்தில் இருந்த நிலக்கடலையை ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டாள். மோர் கொடுத்தாள். குழந்தை மூலையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டது.

"சிலேட்டை எடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

"அதுக்கெதுக்குங்கக்கா வெயில்ல வந்தீங்க?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குப் புள்ளையை அனுப்பு."

"அனுப்பறனுங்க."

"அன்னைக்கு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னது. மனசுல வெச்சுக்காதே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. போச்சாது போங்க."

தப்புச் செய்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றேன். ஊரைக் கூட்டி வாய் கிழியப் பேசியவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவள் குழந்தையை அனுப்பவும் இல்லை. பார்க்கும்போதெல்லாம் "அனுப்பறனுங்க" என்பாள். வாத்தியார் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். குழந்தை வாசல்வரை வந்து திரும்பிவிட்டது என்று ஒரு நாள் சொன்னார். பிறகு அதுவும் கடலைக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் அம்மாவோடு போக ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பாய்களைப் பார்த்தார். பெற்றோர்கள் இப்படி முன்வந்து செய்த ஊரைத் தாம் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனாராம். கிராண்டு நிற்கவில்லை. வாத்தியார் ஓடி வந்து சொன்னார். ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். என் பெண் அந்த வருஷம் வகுப்பில் முதலாக வந்தாள். முதலாக வந்தவளைக் கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டிய நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். என் பெண்ணும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "அவ இருந்திருந்தா நான் ரெண்டுதான்" என்றாள்.

எட்டொன்பது வருஷம் போயிற்று. அந்தப் பெண்ணைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தாய்க்காரியும் அங்கேயே போய்விட்டாள். பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாமகிரிப்பேட்டைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டிய காலம் வந்தது. நிலம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே வரிசைதான்.

ஒரு நாள் அப்படி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் முறை வந்தது. குமாஸ்தா நோட்டைத் திருப்பி வைத்து, "கையெழுத்தா, கைநாட்டா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார். அவள் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

"அம்மிணி, நீயா? ஏஞ்சாமி கைநாட்டு வெக்கறே? உனக்குத்தான் எழுத நல்லா வருமே!"

திரும்பினாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். அம்மாவைப் போலவே, கோபம் துளிகூட இல்லாத சிரிப்பு.

"வருமுங்க பெரியம்மா. ஊட்டுல எழுதுவனுங்க. நாலு பேரு பாக்கறப்பத்தான் கை வராதுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு விரலை நோட்டில் அழுத்தினாள். அரிசிப் பையை வாங்கிக்கொண்டாள். போவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தபடி நின்றாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பேன் என்று நின்றாளோ, வேறெதற்கோ தெரியாது. இப்போது சொல்லிவிடு, உன்னைக் கெடுத்தவள் நான்தான் சாமி என்று சொல்லிவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முன்னால் குமாஸ்தா இருந்தார். பின்னால் எங்கள் ஊர்க்காரர்கள் இருபது பேர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்கத்தான் அவளைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தேன். அத்தனை பேர் பார்க்க எனக்கு வாய் வரவில்லை. "வாரனுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.